வில்லியம் ஹென்றி ஸ்லீமன்

வில்லியம் ஹென்றி ஸ்லீமன் (ஆகஸ்டு 8, 1788 – பெப்ரவரி 10, 1856) பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையைச் சேர்ந்த படை அதிகாரியும் ஆட்சியாளரும் ஆவார். வழிப்போக்கர்களோடு நட்பாகப் பழகி, தக்க இடத்தில் துணியால் கழுத்தை நெரித்துக் கொன்று பொருளைக் கவர்ந்த தக்கர்கள் என்னும் கூட்டத்தினரை ஒடுக்கியவராக இவர் அறியப்படுகிறார். தக்கர்களின் இரகசியச் சொற்கள், தொழில் விதிகள், குடும்ப வழிமுறை, அவர்கள் குடியிருந்த ஊர்கள் ஆகியவற்றைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றுள் பெரும்பகுதி இவரும் இவருடைய உதவியாளர்களும் தொகுத்தவையாகும். எனவே அச்செய்திகளில் எவ்வளவு தக்கர்களுடையது, எவ்வளவு ஸ்லீமனுடையது என்னும் வினா வரலாற்று ஆய்வாளர்களிடையே தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது. இவருடைய பணிக்காக இயற்றப்பட்ட சட்டத்தின் அடிப்படைக் கருத்து, பின்னாளில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வழியாகத் தமிழகத்து ஊர்கள் வரை வந்து சேர்ந்தது.

இளமையும் படைப்பணியும்

ஸ்லீமன் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் பகுதியில், ஸ்ட்ராட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பிலிப் ஸ்லீமன் கலால் வரித்துறையில் மேற்பார்வையாளராக இருந்தவர். எட்டுப் பிள்ளைகளுள் வில்லியம் ஐந்தாமவர். பெருஞ்செல்வமோ செல்வாக்கோ இல்லாத குடும்பத்து இளைஞர் பலரைப் போல இவரும் கம்பெனியின் படையை நாடினார். 1809 ஆம் ஆண்டில் வங்காளப் படையில் சேர்ந்தார். 1814 முதல் 1816 வரை நடந்த நேபாளப் போரில் பங்கு கொண்டார். அப்போரில் இவருடைய படைப்பிரிவில் பலர் காய்ச்சலால் மாண்டனர். இவரும் கடுமையாக நோயுற்றுப் பிழைத்தார்.

உடன் பணியாற்றிய அதிகாரிகளிலிருந்து இவரை வேறுபடுத்திக் காட்டியது மொழிப் பயிற்சியாகும். அரபு, பாரசீகம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளை முயன்று கற்றார். மொழிபெயர்ப்பாளர் துணையின்றி உழவர்களுடனும் கைதிகளுடனும் நேரடியாகப் பேசக்கூடிய வெள்ளை அதிகாரிகள் அக்காலத்தில் மிகச் சிலரே. இவருடைய பிற்காலப் பணி முழுவதும் இத்திறனை நம்பியே நடந்தது.

நரசிங்கபூர்

1818 இல் முடிந்த மராத்தியப் போருக்குப் பின் நருமதை ஆற்றுப் பள்ளத்தாக்கு கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. 1820 இல் ஸ்லீமன் சாகர், நருமதைப் பகுதிகளுக்கான தலைமை ஆளுநரின் முகவருக்கு உதவியாளராக அமர்த்தப்பட்டார். 1822 இல் நரசிங்கபூர் மாவட்டப் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்குக் கழிந்த ஆண்டுகளே தம் வாழ்நாளில் மிகக் கடினமாக உழைத்த காலம் என இவர் பின்னர் எழுதியுள்ளார்.

தம் மாவட்டத்தில் எந்தச் சிறு திருட்டும் தமக்குத் தெரியாமல் நடப்பதில்லை என்று அப்போது ஸ்லீமன் நம்பியிருந்தார். சில ஆண்டுகள் கழித்துக் கைதானவர்களின் வாக்குமூலங்களிலிருந்து வேறொரு செய்தி தெரிய வந்தது. இவருடைய நீதிமன்றத்திலிருந்து சில நூறு கஜங்களே தள்ளியிருந்த கந்தேலி என்னும் ஊரில் தக்கர் கூட்டம் ஒன்று குடியிருந்தது. சாகர் செல்லும் சாலையில், ஒருநாள் நடைத் தொலைவில் இருந்த மண்டேசர் தோப்புகள் வட இந்தியாவின் பெரிய கொலைக்களங்களுள் ஒன்றாக இருந்தன. ஆண்டுதோறும் பல திசைகளிலிருந்து வந்த கூட்டங்கள் அங்கே கூடி, கொன்றவர்களை அத்தோப்பிலேயே புதைத்துச் சென்றன. இதனை அந்நாளிலேயே எவரேனும் கூறியிருந்தால் அவரைப் பித்தர் எனக் கருதியிருப்பேன் என்ற பொருளில் ஸ்லீமன் எழுதியுள்ளார். இவரை வாழ்நாள் முழுவதும் உறுத்திய நிகழ்வு இதுவே எனலாம்.

தக்கர்களின் ஊர்களும் விதிகளும்

தக் என்னும் இந்திச் சொல்லுக்கு ஏமாற்றுபவன் என்பது பொருள். தக்கர்கள் காட்டில் மறைந்து வாழ்ந்த கொள்ளையர் அல்லர். ஆண்டின் பெரும்பகுதியில் அவர்கள் ஊர்களில் உழவராகவும் கைவினைஞராகவும் வாழ்ந்தனர். மழைக்காலம் முடிந்தபின் கூட்டமாகப் புறப்பட்டு, நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்து, அடுத்த மழைக்கு முன் வீடு திரும்பினர். கூட்டங்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்திருந்தனர். இரு சமயத்தாரும் காளியை வழிபட்டதாக வாக்குமூலங்கள் கூறுகின்றன.

இவர்கள் நிலைத்திருக்க ஊரின் துணை தேவைப்பட்டது. பொதுவாகச் சொந்த ஊரார்மீது கை வைப்பதில்லை என்பதும், கொண்டுவந்த பொருளில் நிலக்கிழாருக்கோ ஊர்த்தலைவருக்கோ பங்கு தருவதும் வழக்கம். பயணச் செலவுக்கு உள்ளூர் வட்டிக்காரர்கள் முன்பணம் கொடுத்தனர். யமுனை, சம்பல் ஆறுகளின் பள்ளங்களை அடுத்த சிந்தௌஸ் பகுதியில், குவாலியரின் சிந்தியா ஆட்சிக்காலத்தில், தக்கர் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளுக்குத் தனி வரியே விதிக்கப்பட்டிருந்தது. அதாவது அவர்களுடைய தொழில் அதிகாரிகளுக்குத் தெரிந்தும், கணக்கில் எழுதப்பட்டும் நடந்தது. 1812 இல் கம்பெனிப் படை ஹால்ஹெட் என்னும் அதிகாரியின் தலைமையில் சிந்தௌஸுக்குள் நுழைந்தது. அப்போது மான்செல் என்னும் இளம் அதிகாரி கொல்லப்பட்டார். அதன்பின் ஊர்கள் அழிக்கப்பட்டு, அங்கிருந்த குடும்பங்கள் தெற்கே பந்தேல்கண்டிலும் நருமதைப் பகுதியிலும் சிதறின. ஸ்லீமனின் மாவட்டத்துக்குள் தக்கர்கள் பெருகியதற்கு இந்நடவடிக்கையும் ஒரு காரணம் என்பது கவனிக்கத்தக்கது.

கூட்டத்துக்குள் பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. தலைவர் ஜமாதார் எனப்பட்டார். வழிப்போக்கர்களிடம் இனிமையாகப் பேசித் துணைக்கு அழைத்து வருபவர் சோத்தா. கழுத்தை நெரிப்பவர் பர்டோட். குழி தோண்டிப் புதைப்பவர் லுகா. முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்ட கொலையிடம் பேல் எனப்பட்டது. புகையிலை கொண்டு வா என்பது போன்ற சாதாரணமான பேச்சே கொலைக்கான அடையாளச் சொல். ராமசி எனப்பட்ட இச்சொற்கள், தமிழ் இலக்கணத்தில் குழூஉக்குறி என வழங்குவதோடு ஒத்தவை. பங்கீட்டிலும் முறை இருந்தது. ஜமாதாருக்குக் கூடுதல் பங்கும், நெரித்தவருக்கும் புதைத்தவருக்கும் சாதாரண உறுப்பினரை விடச் சற்று மிகுதியான பங்கும் கிடைத்தன.

கொல்லக் கூடாதவர்களின் பட்டியல் ஒன்றும் இருந்தது. பெண்கள், தொழுநோயாளர், உடல் ஊனமுற்றோர், சலவைத் தொழிலாளர், பாணர், ஆடல் பாடல் கலைஞர், எண்ணெய் விற்போர், நிறைகுடத்தில் கங்கை நீர் கொண்டு செல்வோர், பசுவுடன் செல்வோர் முதலியோர் அதில் அடங்குவர். பறவை, விலங்குகளின் குரல் இடப்புறம் கேட்டதா வலப்புறம் கேட்டதா என்று சகுனம் பார்த்தே புறப்பட்டனர். இவ்விதிகள் நடைமுறையில் அடிக்கடி மீறப்பட்டன. பெண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட நிகழ்வுகள் வழக்கு ஆவணங்களில் உள்ளன. விதிகளை மீறியதால்தான் காளி தம்மைக் கைவிட்டாள் எனப் பிடிபட்ட முதியோர் பலர் கருதினர்.

இத்தொழில் ஏன் இவ்வளவு காலம் அறியப்படாமல் இருந்தது என்பதற்கு அக்காலப் பயண முறையே விடை. விடுப்பில் ஊர் திரும்பும் சிப்பாய்கள் ஊதியத்தைக் கையில் எடுத்துச் சென்றனர். மாதக்கணக்கில் நடந்து செல்பவர் வராவிட்டால், எங்கே, எந்த மன்னரின் எல்லையில் மறைந்தார் என்று உறவினரால் கூற இயலாது. 1810 இல் சிப்பாய்களுக்குப் படைத்தலைமை வழங்கிய எச்சரிக்கை, வழித்துணையாக வரும் அந்நியரை நம்ப வேண்டாம் என்றும், பணத்தைக் கையில் கொண்டு செல்ல வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது.

தென்னிந்தியாவில் முன்னோடிகள்

தக்கர்களை முதலில் கண்டறிந்தவர் ஸ்லீமன் என்று பரவலாக எழுதப்படுவது சரியன்று. வடக்கே எட்டாவா மாவட்ட நீதிபதி தாமஸ் பெர்ரி, கிணறுகளில் பிணங்கள் கிடைத்ததைத் தொடர்ந்து 1810 வாக்கில் விசாரணை நடத்தினார். அதற்கும் முன்னரே சென்னை மாகாணத்தில் சித்தூர் நீதிபதியாக இருந்த வில்லியம் ரைட், பான்சிகர்கள் எனப்பட்ட கழுத்து நெரிக்கும் கூட்டங்களைச் சேர்ந்தவர்களைக் கைது செய்திருந்தார். பான்சி என்பதற்குச் சுருக்குக் கயிறு எனப் பொருள். சித்தூர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திருத்தணிப் பகுதியும் அம்மாவட்டத்தையே சேர்ந்திருந்தது. சித்தூருக்கு மேற்கே இருந்த பாளையக்காரர்களின் எல்லைக்குள் இக்கூட்டங்கள் குடியிருந்தன. கொள்ளையில் ஒரு பங்கைக் கொடுத்துப் பாதுகாப்புப் பெற்றன. சிந்தௌஸில் கண்ட ஏற்பாடே இங்கும் காணப்படுகிறது.

இவ்விசாரணைகளின் அடிப்படையில் புனித ஜார்ஜ் கோட்டையில் பணியாற்றிய மருத்துவர் ரிச்சர்ட் ஷெர்வுட் 1816 இல் ஒரு கட்டுரை எழுதினார். இக்கூட்டத்தாருக்குத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கிய பெயர்களையும், அவர்களுடைய இரகசியச் சொற்களையும், சகுனங்களையும் அதில் தொகுத்தார். சென்னை இதழ் ஒன்றில் வெளிவந்த அக்கட்டுரை 1820 இல் கல்கத்தாவின் ஆசிய ஆய்வுகள் தொகுதியில் மறுபதிப்புப் பெற்றது. ஸ்லீமனின் நூலுக்கு இது முன்னோடியாகும். ஆயினும் பொது நூல்களில் ரைட், ஷெர்வுட் ஆகியோரின் பெயர்கள் அரிதாகவே காணப்படுகின்றன.

நடவடிக்கையின் தொடக்கம்

ஸ்லீமன் 1820களின் இறுதியில் ஜபல்பூர் பொறுப்புக்கு மாற்றப்பட்டார். 1829 இல் மாளவப் பகுதியில் போர்த்விக் என்னும் அதிகாரி பெரிய கூட்டம் ஒன்றைப் பிடித்தார். பிடிபட்டவர்களின் வாக்குமூலங்கள் தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கின் கவனத்தை ஈர்த்தன. 1830 அக்டோபரில் கல்கத்தா இதழ் ஒன்றில் பெயரின்றி ஒரு கடிதம் வெளிவந்தது. மிர்சாபூருக்கு அருகில் உள்ள விந்தியாசலக் காளி கோயிலுக்குத் தக்கர்கள் காணிக்கை செலுத்துவதையும், நாடு முழுவதும் அவர்கள் பரவியிருப்பதையும் அக்கடிதம் விவரித்தது. அதை எழுதியவர் ஸ்லீமன். அரசு உடனே சாகர் முகவர் எஃப். சி. ஸ்மித்திடம் விளக்கம் கேட்டது. ஸ்மித்தும் ஸ்லீமனும் தந்த திட்டமே நடவடிக்கைக்கு அடித்தளமாயிற்று. வழக்குகளை ஸ்லீமன் திரட்டுவார், ஸ்மித் விசாரித்துத் தீர்ப்பளிப்பார் என்பது ஏற்பாடு.

அவ்வாண்டின் இறுதியில் பெரிங்கியா என்னும் புகழ்பெற்ற ஜமாதார் சிக்கினார். அவர் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாயையும் மனைவியையும் குழந்தையையும் ஸ்லீமன் பிடித்து வைத்திருந்ததால் அவர் அப்பகுதியை விட்டு அகலாது சுற்றிக் கொண்டிருந்தார். பிடிபட்டபின் உயிர்ப் பாதுகாப்புக்கு ஈடாக அனைத்தையும் கூற முன்வந்தார். அவர் சொன்னதை முதலில் ஸ்லீமன் நம்பவில்லை. சலோதா என்னும் ஊரின் தோப்பில் ஸ்லீமன் தம் மனைவியுடன் கூடாரமடித்துத் தங்கியிருந்தபோது, அக்கூடாரம் நிற்கும் இடத்திலேயே புதைகுழிகள் இருப்பதாகப் பெரிங்கியா கூறினார். தோண்டியபோது எலும்புக் கூடுகள் வெளிப்பட்டன. அதன்பின் வந்த மாதங்களில் பெரிங்கியாவும் பிறரும் காட்டிய இடங்களிலெல்லாம் குழிகள் திறக்கப்பட்டன.

செயல்முறை

பிடிபட்டவர்களுள் சிலரை அப்ரூவர்களாக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சிகளாக மாற்றுவதே ஸ்லீமனின் முறை. அவர்களுக்குத் தூக்கு இல்லை. ஆனால் விடுதலையும் இல்லை. ஏதேனும் ஒன்றை மறைத்தால் மன்னிப்பு நீங்கிவிடும். ஒருவர் கூறியதை அவருடன் தொடர்பு கொள்ள வாய்ப்பில்லாத மற்றொருவரின் கூற்றுடன் ஒப்பிட்டனர். கைதியை அப்ரூவர்கள் தனித்தனியே வந்து அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. தக்கர் குடும்பங்களின் வழிமுறை அட்டவணைகள் வரையப்பட்டன. ஒரு பயணத்தில் யார் யார் சென்றனர், எங்கே கொன்றனர், எவ்வளவு கிடைத்தது என்பவை பயண வாரியாகப் பதிவாயின. கொலையிடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டன. லக்னோவில் இவருக்குத் துணை நின்ற பேட்டன் என்னும் அதிகாரி, அவத் நாட்டுச் சாலைகளில் மட்டும் 274 கொலையிடங்களைக் குறித்தார். பல மாவட்டங்களிலும் மன்னராட்சிப் பகுதிகளிலும் கிடைத்த துண்டுத் தகவல்களை ஓரிடத்தில் குவித்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த இம்முறை, குற்றப் புலனாய்வு வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

1835 இல் தக்கர் ஒழிப்புப் பணிக்குத் தலைமைக் கண்காணிப்பாளராக ஸ்லீமன் அமர்த்தப்பட்டார். மறு ஆண்டில் இவர் தொகுத்த ராமசீயானா என்னும் நூல் கல்கத்தாவில் வெளியாயிற்று. ராமசிச் சொற்களின் அகராதி, அப்ரூவர்களுடன் நடந்த உரையாடல்கள், வழக்குக் குறிப்புகள், குடும்ப அட்டவணைகள் ஆகியன அதில் அடங்கும்.

1826 முதல் 1840 வரை வழக்குக்கு உட்பட்டோர் 3,689 பேர். அவர்களுள் 466 பேர் தூக்கிலிடப்பட்டனர். 1,504 பேர் நாடு கடத்தப்பட்டனர். 933 பேருக்கு ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. நாடு கடத்தப்பட்டோர் பினாங்கு உள்ளிட்ட குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். தண்டனை பெற்ற பலரின் முகத்தில் தக்கர் எனப் பச்சை குத்தப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டோர் சார்பில் வழக்குரைஞர் எவரும் வாதாடவில்லை.

1836 ஆம் ஆண்டுச் சட்டம்

வழக்கமான நீதிமன்ற விதிகள் இப்பணிக்கு ஒத்துவரவில்லை. கொல்லப்பட்டவர் யாரென்றே தெரியாத நிலையில், குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட கொலையைச் செய்தார் என நிறுவுவது அரிது. இதனைத் தீர்க்க 1836 ஆம் ஆண்டின் 30 ஆவது சட்டம் இயற்றப்பட்டது. ஒருவர் எந்தக் காலத்திலேனும், கம்பெனியின் எல்லைக்கு உள்ளேயோ வெளியேயோ, தக்கர் கூட்டம் ஒன்றைச் சேர்ந்தவராக இருந்தார் என நிறுவப்பட்டால் போதும். அவருக்குக் கடின உழைப்புடன் கூடிய ஆயுள் சிறை விதிக்கலாம். தக்கர் என்பவர் யார் என்று சட்டம் வரையறுக்கவில்லை. செய்த செயலுக்காக அன்றி, சேர்ந்திருந்த கூட்டத்துக்காகத் தண்டிக்கும் வழி இவ்வாறு திறக்கப்பட்டது. 1837 இல் குற்றத் தீர்ப்புப் பெற்றவரின் சாட்சியமும் ஏற்கத்தக்கது என விதி மாற்றப்பட்டது. 1839 இல் தீவட்டிக் கொள்ளையரை ஒடுக்கும் பொறுப்பும் ஸ்லீமனிடம் சேர்க்கப்பட்டது. 1843 இல் கொள்ளையர்களுக்கும் இதே வகைச் சட்டம் விரிவாக்கப்பட்டது.

ஜபல்பூர் குடியிருப்பு

அப்ரூவர்களை வெளியே விடவும் முடியாது, சிறையில் சும்மா வைத்திருக்கவும் முடியாது என்ற நிலையில் 1830களின் இறுதியில் ஜபல்பூரில் தொழிற்பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. கூடாரத் துணி நெய்தல், கம்பளம் நெய்தல் ஆகியவை அங்குக் கற்பிக்கப்பட்டன. ஜபல்பூர்க் கூடாரங்களும் கம்பளங்களும் விரைவில் பெயர் பெற்றன. அப்ரூவர்களின் குடும்பங்களுக்கு அருகிலேயே மதில் சூழ்ந்த ஊர் ஒன்று அமைக்கப்பட்டது. தந்தையின் தொழிலை மகன் தொடர்வான் என்று ஸ்லீமன் உறுதியாக நம்பியதால், எக்குற்றமும் செய்யாத பிள்ளைகளும் அக்காவலுக்குள்ளேயே வளர்ந்தனர். நிலக்கிழாருக்குப் பங்கு கொடுத்து வாழ்ந்த பழைய தக்கர் ஊருக்கு மாற்றாக, அரசின் மேற்பார்வையில் இயங்கிய புதிய தக்கர் ஊர் இது எனலாம். அங்கு வாழ்ந்தவர்களுக்கு உணவும் தொழிலும் உறுதியாயின. வெளியேறும் உரிமை மட்டும் இல்லை.

பிற ஆர்வங்கள்

1828 இல் ஜபல்பூருக்கு அருகே பாரா சிம்லா குன்றில் ஸ்லீமன் கண்டெடுத்த எலும்புகள், ஆசியாவில் முதன்முதலில் கிடைத்த தொன்மாப் புதைபடிவங்களாகும். இவை 1877 இல் டைட்டனோசாரஸ் எனப் பெயரிடப்பட்டன. மொரீசியசிலிருந்து தாகித்தி வகைக் கரும்பை வரவழைத்துப் பயிரிட்டார். அம்முயற்சியின் தொடர்பில் அறிமுகமான பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண் அமேலி டி ஃபொன்டேனை 1829 இல் மணந்தார். ஓநாய்களால் வளர்க்கப்பட்டதாகக் கூறப்பட்ட குழந்தைகளைப் பற்றி இவர் எழுதிய சிறு வெளியீடு 1852 இல் அச்சானது. தம் சகோதரிக்கு எழுதிய கடிதங்களின் வடிவில் அமைந்த பயண நூல் 1844 இல் வெளிவந்தது. உழவர்களின் பேச்சையும் நம்பிக்கைகளையும் பொறுமையுடன் பதிவு செய்துள்ள அந்நூல், இவர் எழுதியவற்றுள் இன்றும் விரும்பிப் படிக்கப்படுவது.

குவாலியரும் லக்னோவும்

1843 முதல் 1849 வரை குவாலியரிலும், 1849 முதல் அவத் நாட்டின் தலைநகரான லக்னோவிலும் கம்பெனியின் பிரதிநிதியாக ஸ்லீமன் பணியாற்றினார். 1849 திசம்பரில் தொடங்கி மூன்று மாதங்கள் அவத் முழுவதும் சுற்றுப்பயணம் செய்து, நவாப் ஆட்சியின் சீர்கேடுகளைக் கடுமையாக விவரித்து அறிக்கை தயாரித்தார். அவத்தை இணைத்துக்கொள்ளக் காரணம் தேடிய தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு இவ்வறிக்கை மிகவும் உதவியது. ஆனால் ஸ்லீமன் இணைப்பை எதிர்த்தார். ஆட்சியைச் சீர்திருத்தலாம், நாட்டையும் அதன் வருவாயையும் எடுத்துக்கொள்வது ஒப்பந்தங்களுக்கு மாறானது, சிப்பாய்களிடையே அது ஆபத்தை விளைவிக்கும் என்று வலியுறுத்தினார். இவ்வெதிர்ப்பு ஏற்கப்படவில்லை. 1854 இல் உடல்நலம் குன்றி லக்னோவை விட்டு நீங்கியபின் அப்பொறுப்பு ஔட்ரமிடம் சென்றது.

மறைவு

1856 தொடக்கத்தில் ஸ்லீமன் மனைவியுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பெப்ரவரி 10 ஆம் நாள் இலங்கைக்கு அருகே மோனார்க் என்னும் கப்பலில் காலமானார். உடல் கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அப்போது இவர் மேஜர் ஜெனரல் நிலையில் இருந்தார். சர் பட்டம் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் வழங்கப்பட்டது. அதே மாதத்தில் அவத் நாடு கம்பெனியுடன் இணைக்கப்பட்டது. மறு ஆண்டு மூண்ட கிளர்ச்சியின் முதன்மைக் களங்களுள் ஒன்றாக லக்னோ ஆயிற்று.

ஆய்வாளர்களின் கருத்துகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஸ்லீமன் மாசற்ற வீரராகவே சித்தரிக்கப்பட்டார். இவருடைய பேரன் ஜேம்ஸ் ஸ்லீமன் 1933 இல் எழுதிய நூல் தக்கர்களால் கொல்லப்பட்டவர்களைப் பத்து இலட்சம் எனக் கணக்கிட்டது. இவ்வெண் இன்று ஏற்கப்படுவதில்லை. பெராம் என்பவர் தனியொருவராக 931 பேரைக் கொன்றார் என்று சாதனைப் பட்டியல்களில் இடம்பெற்ற செய்தியும் அத்தகையதே. தாம் உடனிருந்த கொலைகளின் எண்ணிக்கையையே அவர் கூறியதாக ஆவணங்கள் காட்டுகின்றன.

1990களுக்குப் பின் எதிர்த் திசையில் கருத்துகள் எழுந்தன. பரம்பரைக் கொலைச் சமயம் என்பது காலனி ஆட்சி உருவாக்கிய கற்பனை என்று சிலர் கருதினர். ராதிகா சிங்கா, தக்கர் ஒழிப்புச் சட்டங்கள் கம்பெனியின் அதிகார விரிவுக்கு எவ்வாறு துணை செய்தன என்பதை ஆராய்ந்தார். 2007 இல் வெளிவந்த கிம் வாக்னரின் நூல் இடைப்பட்ட நிலையை முன்வைக்கிறது. கழுத்து நெரித்துக் கொள்ளையிட்ட கூட்டங்கள் உண்மையில் இருந்தன. ஸ்லீமனுக்கு முந்தைய ஆவணங்களே அதற்குச் சான்று. ஆனால் வறுமையாலும் போர்ச்சூழலாலும் இத்தொழிலுக்கு வந்தவர்களை, நாடு தழுவிய ஒரே சமயக் குழுவாகக் காட்டியது மிகைப்படுத்தல் என்பது அவர் முடிவு.

அப்ரூவர்களின் சொற்களை மதிப்பிடுவதே இங்கு உண்மையான சிக்கல். தோண்டியெடுத்த எலும்புகளைப் பொய்யெனக் கூற இயலாது. ஆனால் அப்ரூவர்கள் உயிருக்காகப் பேசியவர்கள். கேட்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதை அறிந்தவர்கள். பிறரிடம் நயமாகப் பேசி நம்பவைப்பதே அவர்களுடைய பழைய தொழில் என்பதையும் மறந்துவிட முடியாது. தம் கொலைகளுக்குக் காளியைப் பொறுப்பாக்குவது அவர்களுக்கும், தக்கரைச் சாதாரணக் கொள்ளையரிலிருந்து பிரித்துக் காட்டுவது ஸ்லீமனுக்கும் வசதியாக இருந்தது.

குற்றப் பரம்பரைச் சட்டமும் தமிழகமும்

பிறப்பால் குற்றவாளிகளான குலங்கள் உள்ளன என்னும் எண்ணம் ஸ்லீமனுக்குப் பின்னும் வளர்ந்தது. 1871 இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சாதிகளையும் பதிவு செய்ய வழிவகுத்தது. இச்சட்டத்தை ஸ்லீமன் இயற்றவில்லை; அவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் கூட்டத்தைச் சேர்ந்திருப்பதே குற்றம் என்ற கொள்கையும், குடும்பத்தோடு குடியிருப்பில் அடைக்கும் முறையும் தக்கர் ஒழிப்பில் முன்னரே நடைமுறையில் இருந்தவை.

1911 இல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், குறவர் உள்ளிட்ட சமூகத்தார் அதன்கீழ்ப் பதிவு செய்யப்பட்டனர். கைரேகை பதித்தல், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராதல், ஊர் விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெறுதல் ஆகியவை கட்டாயமாக்கப்பட்டதால், மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். குண்டூர் மாவட்டத்தின் ஸ்டூவர்ட்புரம், தென்னார்க்காட்டின் அஜீஸ் நகர் போன்ற குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகைப் பதிவை எதிர்த்தவர்கள் மீது காவல்துறை சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டனர். ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர், ப. ஜீவானந்தம் முதலியோர் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினர். சென்னை மாகாணத்தில் 1947 இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31 இலும் இது நீக்கப்பட்டது.

நினைவுகள்

மத்தியப் பிரதேசத்தின் கட்னி மாவட்டத்தில் ஸ்லீமனாபாத் என்னும் ஊர் இவர் பெயரால் வழங்குகிறது. அங்குத் தொடருந்து நிலையமும் உண்டு. 1839 இல் பிலிப் மெடோஸ் டெய்லர் எழுதிய தக்கர் ஒருவரின் ஒப்புதல் வாக்குமூலம் என்னும் புதினம் இங்கிலாந்தில் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன்பின் தக் என்னும் சொல் ஆங்கிலத்தில் முரடன் என்ற பொருளில் நிலைத்தது. இரகசிய விதிகளும் அடையாளச் சொற்களும் கொண்ட கொலைகாரக் கூட்டம் என்னும் படிமம் திரைப்படங்களிலும், பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளிலும் இன்றளவும் பயன்படுகிறது.

ஸ்லீமன் உருவாக்கிய துறை 1904 இல் கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் மையக் குற்ற உளவுத் துறை அமைக்கப்பட்டது. 1836 ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்காமல் விட்ட தக்கர் என்னும் சொல்லை 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 310 ஆவது பிரிவில் வரையறுத்தது. 311 ஆவது பிரிவு அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்த 2024 சூலை 1 வரை இவ்விரு பிரிவுகளும் நீடித்தன. புதிய சட்டத்தில் அவை இடம்பெறவில்லை.